முட்டை நாளில் நான் வைத்த பரீட்சை

பள்ளிக்கூடத்தில் சோறு பொங்குகிறவளுக்கு எல்லாப் பாடமும் காதில் விழும். பரீட்சை மட்டும் அவளுக்கு யாரும் வைப்பதில்லை.

கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் காரோட்டுக்கும் இடையில் சபை நடத்துகிற சின்ன ஆரம்பப் பள்ளிக்கூடம் எங்களுடையது. ஒன்றிலிருந்து நாலு வரை, தமிழ் மீடியம். ஆராதனைக்கும் பாடத்துக்கும் ஒரே மதில், ஒரே மணி. நானும் நாலு வரை அங்கேதான் படித்தேன். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்விட்டேன். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிறேன். படிப்பைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்கிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, இது உருப்படியாக வாசிக்குமா வாசிக்காதா என்று பதைத்துக்கொண்டிருக்கிறவர்கள் மட்டும் இருங்கள். நானும் உங்களில் ஒருத்தி. என் மகள் அபிஷா, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள், அந்த மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறாள்.

தேங்காயும் வாய்ப்பாடும்

சமையல் செய்கிற இடத்துக்கு எங்கள் பள்ளியில் கஞ்சிப்புரை என்று பெயர். கஞ்சி போய்ச் சோறும் கறியும் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. கஞ்சிப்புரைக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான் மறைப்பு. அதனால் மூன்றாம் வகுப்புப் பாடம் முழுவதும் எனக்கு மனப்பாடம். பிள்ளைகள் கூட்டமாகச் சத்தம் போட்டு வாசிப்பார்கள். அபிஷாவின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தால் கண்ணில் வருகிற தண்ணீர் வெங்காயத்துக்கா வேறு எதற்கா என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு தீய்கிற வாசனை வந்த மாதிரி இருந்தது. (எனக்கு எப்போதும் ஏதாவது தீய்கிற வாசனை வரும்.) துருவுவதை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தட்டிக்கு அப்புறம் எட்டாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுபோயிருந்தது. மூன்றாம் வகுப்புச் சுனிதா டீச்சர் தட்டிக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தார். "அக்கா, தேங்காய நிறுத்தாதீங்க. நீங்க துருவுத தாளத்துலதான் எனக்க பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்லுது."

நாத்தனார் வந்த ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற வேலை. அவருடைய தங்கை விமலாவை நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் பிள்ளைகள் இரண்டும் வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தவள், மேஜையில் கிடந்த கல்யாணக் கார்டை எடுத்து அபிஷாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அபிஷா கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண் எரிகிறது என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள். பிள்ளைக்கு வெட்கம் என்று நான் சொன்னேன். நானும் அதை நம்பத்தான் செய்தேன்.

வீட்டுக்காரர் பேச்சுக் குறைந்தவர். அன்று சாயா குடித்து முடித்ததும் ஒரே ஒரு முடிவு சொன்னார். மார்ச் மாதப் பரீட்சை முடியட்டும், அதற்குள் பிள்ளை சரியாக வாசிக்கவில்லை என்றால் ஜூனில் அவளையும் வேனில் ஏற்றிவிடலாம் என்று. அவள் போய்விட்டால் என் பாடு என்ன? நான் சோறு போடுகிற பள்ளிக்கூடத்தில் என் பிள்ளையே படிக்கவில்லை என்றால், மற்றவர்கள் பிள்ளையை எப்படி விடுவார்கள்? அதற்கு மேல் ஒரு பயம். இங்கே தமிழே வாசிக்கத் தெரியாமல் போனால், அங்கே போய் இங்கிலீஷில் என்ன செய்வாள்? நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார் சொல்லிவிட்டாள். "மைனி, உங்க பள்ளிக்கூடத்துல சோறு கொள்ளாம், கொற சொல்ல முடியாது, பிள்ளைக்க கன்னத்தப் பாத்தாலே தெரியுது. தலைக்குள்ள என்ன போடுதாவன்னுதான் தெரியல்ல."

ஆபீசர் வந்த நாள்

கல்வி ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். அரிசியில் வண்டு உண்டா, தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குள் போனார். ஒரு பிள்ளை எழுந்து வாசிக்கட்டும் என்று சொன்னதும் சுனிதா டீச்சர் அபிஷாவைத்தான் எழுப்பினார். நான் தட்டி இடுக்கில் கண்ணை வைத்து நின்றேன். அபிஷா நிறுத்தாமல், மழை பெய்கிற மாதிரி வாசித்தாள். எல்லார் முகத்திலும் சந்தோஷம்.

நான் மட்டும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் கடைசி வரி முடிந்தது. அடுத்த பக்கத்து வரியும் அவள் வாயிலிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் விரல் தாளைப் புரட்டியது. நான் பார்த்தது சரிதானா, இல்லை என் புத்தி வழக்கம்போல இல்லாததைக் கற்பனை செய்கிறதா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் வேறு ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் தெரிந்துவிடுமே. ஆபீசர் சாப்பிட்டுக் கை கழுவும்போது பிள்ளைக்கு ஒரு பாராட்டும் சமையலுக்கு ஒரு குறையும் மலையாளத்தில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "மோள் நன்னாயி வாயிச்சு. சாம்பாரில் உப்பு மாத்ரம் போரா."

மூக்கு இருக்கும்போது

கஞ்சிப்புரை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றன்றைக்கு என்ன சாப்பாடு என்று அதில் எழுதிப்போட வேண்டும் என்பது சட்டம். காலையில் சோற்றுக்கு அரிசி கழுவிப் போட்டதும் நான் செய்கிற முதல் வேலை அதுதான். என் எழுத்து அழகாக இருக்காது, ஆனால் பெரிதாக இருக்கும். சோறு, சாம்பார், பயறு தோரன் என்று வரிசையாக எழுதுவேன்.

ஒரு நாள் கையில் இருந்த வேலையில் மறந்துபோய், முந்தின நாள் எழுதியதை அழிக்கவில்லை. பலகையில் மோர்க்கறி, பாத்திரத்தில் தேங்காய் வறுத்தரைத்த தீயல். ஒரு பிள்ளையாவது, ஒரு டீச்சராவது கேட்கவில்லை. கடைசியில் நானே நாலாம் வகுப்புப் பயல் ஒருவனைப் பிடித்து, பலகையில் வேறு எழுதியிருக்கிறதே, நீ பார்க்கவில்லையா என்று கேட்டேன். தட்டை நீட்டியபடியே அவன் சொன்னான். "வராந்தாவுல நின்னாலே தீயல் மணக்குது மாமி. பின்ன எதுக்கு வாசிக்கணும்?"

தலையில் தட்டு

அவன் சொன்னது இரண்டு நாள் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. மணத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை எழுதினால் என்ன? புதன்கிழமை முட்டை நாள். அன்று மத்தியான மணிக்குக் கொஞ்சம் முன்பு பலகையில் சாப்பாட்டுக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'முட்டை வேண்டும் பிள்ளைகள் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கவும்.' அழித்துவிடலாமா என்று துணியை எடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

வரிசை வந்தது. முட்டையைப் பாத்திரத்தில் மூடி வைத்துக்கொண்டு நான் பார்த்தேன். நாலாம் வகுப்பில் நாலு பேர் தலையில் தட்டோடு நின்றார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரே ஒருத்தி, ஷைனி. பொழியூரிலிருந்து பஸ்ஸில் வருகிற மீன்பிடிக்காரர் வீட்டுப் பிள்ளை. வகுப்பில் எல்லாரும் கூட்டமாக வாசிக்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பாள். அதனால் அவளை மந்தம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். மற்ற பிள்ளைகள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவள் அபிஷா. கிறுக்கு பிடித்துவிட்டதா என்று ஷைனியைக் கேட்டாள். பலகையில் எழுதிப்போட்டிருக்கிறதே என்று ஷைனி கையைக் காட்டினாள்.

அபிஷா திரும்பினாள். நான் எழுதிய வரியை, அத்தனை பெரிய எழுத்தை, நேராகப் பார்த்தாள். முட்டை என்னவோ அன்று ஒரு பிள்ளைக்கும் குறையாமல் எல்லாருக்கும் கொடுத்தேன். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பலகையைப் பார்த்துவிட்டு என் மகள் ஷைனியிடம் சொன்னது இதுதான். "போடீ. அது சாம்பாருன்னாக்கும் எழுதியிருக்கு."

எட்வின் சாறின் அறை

மறுநாளே விசாரணை. சாலையில் போன யாரோ ஒருவர் கேட் வழியாகப் பார்த்துவிட்டு, மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தட்டு சுமக்கவைத்துத் தண்டிக்கிறார்கள் என்று சபையில் போய்ச் சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியர் எட்வின் சார், எங்கள் பேச்சில் எட்வின் சாறு, என்னை அழைத்தார். சபையின் காரியதரிசியும் உட்கார்ந்திருந்தார். எட்வின் சாறுக்கு உள்ளபடியே கோபம். சமைக்க வந்தவள் சமைத்தால் போதும், பிள்ளைகளைப் பரீட்சிக்க இங்கே சம்பளம் வாங்குகிற டீச்சர்மார் உண்டு என்றார். முட்டையைக் காட்டிப் பிள்ளைகளோடு விளையாடியது தப்பு என்றும் சொன்னார். அது தப்புதான், நானும் ஒப்புக்கொண்டேன். வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே, மூன்றாம் வகுப்பில் என் பிள்ளையும் தட்டைக் கையில்தான் பிடித்திருந்தாள் என்பதையும் சொன்னேன்.

மொத்தம் எத்தனை பேர் தலையில் வைத்தார்கள் என்று காரியதரிசி கேட்டார். ஐந்து பேர் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எட்வின் சாறைப் பார்த்தார். "சாறே, வச்ச அஞ்சு பேரப்பத்தி நாம பேசிட்டிருக்கோம். வைக்காதவங்களப்பத்தி எப்போ பேசணும்?"

சுனிதா டீச்சர்

இரண்டு நாள் சுனிதா டீச்சர் என்னிடம் பேசவில்லை. தட்டிக்கு அப்புறம் பாடம் நடந்தது, ஆனால் தலை மேலே வரவில்லை. தனுவச்சபுரத்திலிருந்து வருகிறவர், நல்ல டீச்சர், பிள்ளைகள் மேல் கை வைத்துப் பார்த்ததில்லை. ஒரு டீச்சர் வேலை நிரப்பப்படாமல் கிடப்பதால் ஒன்றாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் அவரே சேர்த்துப் பார்க்கிறார். அவருக்குத் தலைக்குனிவு வரவைத்துவிட்டேனே என்று எனக்கு வருத்தம்.

மூன்றாம் நாள் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு கஞ்சிப்புரைக்குள் வந்து, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொத்தமா வாசிக்கச் சொன்னா எல்லாரும் வாசிக்குது அக்கா. ஒவ்வொண்ணா எழுப்பிக் கேக்க எனக்குப் பயமாக்கும்."

துடைப்பம்

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்தோம். எட்வின் சாறும் சரி என்றார், முட்டையை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. தினமும் பலகையில் சாப்பாட்டுக்குக் கீழே நான் ஒரு சின்ன வேலை எழுதுவேன். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக அனுப்புவார். வாசித்து, அதில் உள்ளதைச் செய்துவிட்டுப் போக வேண்டும். உதவி கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. தினம் வேறு வேறு வரி. பாடப்புத்தகத்தில் இல்லாத வரி.

முதல் வாரம் பெரிய பாடு. 'ஒரு கொத்து கறிவேப்பிலை பறித்துக் கொண்டு வா' என்று எழுதினால் ஒருவன் துடைப்பத்தைக் கொண்டுவருவான், ஒருத்தி தண்ணீர் கொண்டுவருவாள், ஒருவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அபிஷா முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். என் கண் எங்கே போகிறது என்று பார்ப்பாள். எந்தப் பாத்திரம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பாள். பலகையைத் தவிர எல்லாவற்றையும் வாசிப்பாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன்.

வீட்டிலும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு எழுத்தைச் சேர்த்ததும் மூன்றாவதைப் பார்க்காமலே ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவாள். எனக்குப் பொறுமை கிடையாது. சத்தம் போடுவேன், அவள் அழுவாள், நானும் அழுவேன், புத்தகம் நனையும். நாலாம் நாள் அவளே ஒரு தீர்மானத்துக்கு வந்து என்னிடம் சொன்னாள். "அம்மா, நீ பலகையில எழுது, நான் படிக்கேன். பக்கத்துல மட்டும் இருக்காத, எனக்கு மூச்சு முட்டுது."

பஸ் போர்டு

சுனிதா டீச்சர் ஷைனியை அபிஷாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அம்மாவிடம் வராத படிப்பு பக்கத்துப் பிள்ளையிடம் வரும் என்பது எனக்குத் தெரியாத பாடம். ஷைனி எப்படி வாசிக்கக் கற்றாள் என்று டீச்சருக்கும் ஆச்சரியம். ஒருநாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது அவளையே கேட்டேன். கடலுக்குப் போகிற அப்பா கொண்டுவிட மாட்டார், அம்மாவுக்கு மீன் விற்கப் போக வேண்டும். தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கத்துப் பஸ்ஸும் ஓடுகிற சாலை அது. ஒன்றில் தமிழ் போர்டு, ஒன்றில் மலையாளம். ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் தப்பான பஸ்ஸில் ஏறி எங்கேயோ போய் இறங்கி அழுதிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நின்று வாசிக்காமல் எந்தப் பஸ்ஸிலும் ஏறியதில்லையாம். அதையே அபிஷாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவள் சொன்னதை நான் இப்போதும் மறக்கவில்லை, நீங்களும் உங்கள் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். "முதல் எழுத்தப் பாத்துட்டு சாடிக் கேறினா வேற ஊருலயாக்கும் எறங்கணும். கடைசி எழுத்து வரைக்கும் பாக்கணும் மக்கா."

ஏழு மணி வண்டி

மார்ச் பரீட்சை முடிந்த வாரம் நாத்தனார் வந்தாள். கையில் வேன் வருகிற அந்தப் பள்ளிக்கூடத்தின் நோட்டீஸ். எல்லைக்காரர்களுக்காக ஒரு பக்கம் மலையாளமும் மறுபக்கம் தமிழும் அச்சடித்திருந்தது. வீட்டுக்காரர் திண்ணைத் திண்டில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நோட்டீஸை அபிஷாவிடம் கொடுத்து, நீயே வாசி என்றார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது, அதுதான் ஏற்பாடு.

அபிஷா வாசித்தாள். மழை மாதிரி இல்லை. குழாயில் கடைசித் தண்ணீர் சொட்டுகிற மாதிரி. ஒரு எழுத்து, நிறுத்தம், இன்னொரு எழுத்து, திரும்ப முதலிலிருந்து. காலை ஏழு மணிக்கு வண்டி வரும். மதிய உணவு வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும். அந்த இரண்டு வரிக்குள் என் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. ஆபீசர் முன்னால் மழையாக வாசித்தாளாமே, அந்த வேகம் எங்கே போனது என்று நாத்தனார் கேட்டாள். மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை இப்படியா திக்கும் என்றாள். அபிஷா அதைக் கவனிக்கவில்லை. நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தாள். வண்டி ஏழு மணிக்கே வரும், சோறும் நாமே கொண்டுபோக வேண்டும், பின்னே அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னதான் தருவார்கள் என்று அத்தையிடம் கேட்டாள்.

வீட்டுக்காரர் அதே வரிகளை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தடவையும் அதே மெதுவு, அதே இடங்களில் நிறுத்தம், ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அவர் நோட்டீஸை மடித்துத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தார். "நாலாம் கிளாசும் இஞ்சயே இருக்கட்டு விமலா. பைய வாசிச்சாலும், இப்போ தாளுல உள்ளதயாக்கும் வாசிக்கா."

எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், பிள்ளைகள் முன்னைவிட மெதுவாக வாசிக்கிறார்கள், அதைத்தான் நாங்கள் முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பேன்.